யாரும் வாங்கிப்போகாத நாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

துணித்துண்டுகளுக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்து, எங்கள் கடையில் வளர்ப்பு நாய்களின் உருவப்படம் செய்கிறோம் என்று சொன்னேனல்லவா? ஒரு பெரியவர் செத்துப்போன தன் நாயின் போட்டோவைத் தந்து, "இடது காது மடங்கித்தாம்மா இருக்கும், நிமித்திடாத" என்றார். அப்படியே தைத்தேன். வாங்க அவர் வரவில்லை. போன் செய்தேன், அவர் மகள்தான் எடுத்தார்.

"அப்பா தவறிட்டாரு. அத நீங்களே தூக்கிப் போட்டுடுங்க."

முதலாளியம்மா குப்பைக்கூடையைக் காட்டினார். எனக்கு மனசு வரவில்லை. இப்போது அது என் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. வேலை முடிந்து வந்தால் அதனிடம்தான் பேசுகிறேன். சிரிக்காதே.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பு, தலையணை உறை தைக்கத்தான். துவைக்க வேண்டாம், இங்கே வாஷிங் மெஷின் இருக்கிறது.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்