போயிட்டு வாரேன் பெட்டி

போன வாரம் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். நீ செருப்புக்கடையில் கேட்டு வாங்கிவந்த பெரிய அட்டைப்பெட்டி. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, உன் பழைய பச்சைத் துப்பட்டாவைக் கிழித்து இரண்டு ஓட்டைக்கும் திரை தைத்திருந்தாய். எத்தனை தடவை துவைத்த துணி அது! ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் வெள்ளிக்கிழமைகளில் நீ தடவும் அத்தர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஏணியில் நின்றபடியே அழுதுவிட்டேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரர், "ஏனுங்கம்மா, தூசி கண்ணுல விழுந்துருச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாங்கண்ணா என்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் உன்னை நீ என்று கூப்பிட்டதில்லை. நமக்கு ஒரே வயதுதான். இருந்தாலும் வாங்க, போங்க, ஏனுங்க என்றுதான் நானும் பேசினேன், நீயும் பேசினாய். சண்டை வந்தபோதுகூட "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குங்களா?" என்று மரியாதையாகத்தான் திட்டிக்கொண்டோம். இன்றைக்கு நீ என்றே எழுதப்போகிறேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். மரியாதை வேண்டுமென்றால் எழுந்து வந்து கேள்.

மே மாதக் கடைசி நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருப்போம். உன் வீட்டுக் கீழ்க்கூடம்தான் நம் டே கேர், அது வெறிச்சென்று கிடக்கும். பவானி ஜமுக்காளத்தை விரித்து, நடுவில் பெரிய சார்ட் பேப்பரைப் போட்டு, நான்கு மூலையிலும் மாம்பழத்தைப் பாரமாக வைத்து, வருஷம் முழுவதற்கும் எந்த மாதம் என்ன விளையாட்டு, என்ன கதை, என்ன கைவேலை என்று கட்டம் போட்டு எழுதுவோம். கட்டம் போடுவது நான். எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள் அல்லவா, ஸ்கேல் இல்லாமல் எனக்குக் கோடு வராது. அதை அடித்து எழுதுவது நீ.

ஒரு வருஷம் நெட்டில் பார்த்து டிசம்பருக்குப் பனி, பென்குவின் என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "பென்குவினுக்கு நம்ம பிள்ளைங்க எங்கீங்க போறது? நம்ம குனியமுத்தூர் எருமைய மொதல்ல பாக்கட்டுங்க" என்றாய். பென்குவினுக்குப் பதில் எருமை வந்தது. நிஜமாகவே வந்தது. பால்காரர் ஓட்டிவந்து கேட்டருகில் நிறுத்த, பிள்ளைகள் அதற்காகவே செய்து வைத்திருந்த காகித மாலையை அது நிதானமாக மென்று தின்றது. இன்னொரு வருஷம் வாசனை வாரம் என்று நீ ஆரம்பித்தாய். ஏலக்காய், மல்லிகை, எலுமிச்சை இலை எல்லாம் சரி, மிளகுத்தூளை எதற்கு வைத்தாய்? கூடமே தும்மியது. சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போன். எடுத்தது நான். நீ சமையலறையில் போய் நின்றுகொண்டு சிரித்தாய்.

ஜூலைக்குக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து அது அடிக்கத் தொடங்கினால் வாசலெல்லாம் காகிதக் காத்தாடி சுற்றும். தைக்குப் பூப்பொங்கல், அதற்கு என் ஊர் கிணத்துக்கடவிலிருந்து ஆவாரம்பூ வரும். ரம்ஜான் எந்த மாதத்தில் வந்தாலும் அந்த மாதம் நோன்புக்கஞ்சி. இதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். ஜூன் மட்டும் மாறாது. ஜூன் மாதத்துக் கட்டத்தில் நான் பேனாவை வைக்கும் முன்பே நீ எழுதிவிடுவாய். "போயிட்டு வாரேன்."

அதற்குக் காரணம் நம் முதல் வருஷத்துக் குழந்தை ஒன்று. அதன் அம்மா, பிள்ளை மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பூனை மாதிரி நழுவிப் போய்விட்டாள். பாவம், பிள்ளை அழுதால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குப் பயம். பிள்ளை திரும்பிப் பார்த்தது, அம்மா இல்லை. அன்றிலிருந்து அது மத்தியானம் தூங்கவே இல்லை. நீ மடியில் போட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தாய். கடைசியில் என்னிடம், "கண்ண மூட மாட்டேங்குது பாருங்க. மூடுனா யாராச்சும் காணாமப் போயிருவாங்கன்னு பயம்" என்றாய். மறுநாள் கேட்டருகில் நின்றுகொண்டு வருகிற அம்மா அப்பாக்களிடமெல்லாம் சட்டம் போட்டாய். "அழுதா அழுகட்டுங்க, நாங்க பாத்துக்கறோம். சொல்லிப்போட்டுப் போங்க. சொல்லாமப் போகக்கூடாது."

அந்த வாரமே பெட்டி செய்தாய். மர யானைப் பொம்மையை ஒரு திரைக்குள் தள்ளி "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். அது கண்ணுக்கு மறைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கத் திரையிலிருந்து வெளியே வரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். யானைக்குப் பிறகு பந்து, பந்துக்குப் பிறகு செருப்பு, கடைசியில் நம் தலை. ஜூன் முழுக்க இதுதான். போவது, வருவது. அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் மணி சொல்ல மாட்டாய். "பால் குடிச்சு, தூங்கி, எந்திரிச்சு, முகம் கழுவுனா அம்மா" என்பாய். இப்போ வந்துருவாங்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்ன ஆயாவை நீ திட்டிய திட்டு எனக்கு ஞாபகமிருக்கிறது. "கொழந்தைகிட்ட பொய் சொன்னா அது அல்லாவுக்கே அடுக்காது" என்றாய்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது நமக்கும் அதே சட்டம்தான். நான் "போயிட்டு வாரேனுங்க" என்பேன். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நேரமே வந்துருங்க" என்பாய். நான் என்றைக்கு லேட்டாக வந்தேன்? பிள்ளைகள் வரும் முன்பே வந்து நிற்பவளிடம் தினமும் சீக்கிரம் வா என்று சொன்னவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

பிப்ரவரியில் உனக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். ஆட்டோ வாசலில் நிற்கிறது. நீ கூடத்தில் உன் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். "நேரமாச்சுங்க, ஆஸ்பத்திரில காத்துட்டிருப்பாங்க" என்று நான் பறக்கிறேன். "நான் வெச்ச சட்டத்த நானே மீறறதுங்களா?" என்கிறாய். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி யானையைத் தள்ளிக் காட்டினாய். "பெரிம்மாவும் இப்பிடித்தான் கண்ணு. அக்கட்டால போயி இக்கட்டால வந்துருவேன்." யாழினியை மட்டும் மடியில் வைத்துச் சொன்னாய். எல்லோரிலும் சின்னவள், வந்த புதிதில் உன் இடுப்பை விட்டு இறங்காதவள். ஆட்டோவில் ஏறியபின் என்னைப் பார்த்து, "மார்ச்சுக்குத் தண்ணி வெளையாட்டுன்னு எழுதி வைங்க. வாரேனுங்க" என்றாய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். அப்புறம் ஒரு விடியற்காலையில் உன் மகன் போன் செய்தான். அழுதான்.

உன்னை நம் கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள், பிள்ளைகள் மத்தியானம் படுக்கும் அதே இடத்தில். குட்டி நாற்காலிகளையெல்லாம் யாரோ மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். ஜன்னலில் காத்தாடி ஒன்று மிச்சமிருந்தது. மத்தியானத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நான் எழுந்தேன். சாவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் என்னை வளர்த்திருக்கிறார்கள். அப்படியே வந்துவிட்டேன். சொல்லாமல் போகக்கூடாது என்று சட்டம் வைத்திருந்த வீட்டிலிருந்து, சொல்லாமல் வந்தேன்.

அதற்குப் பிறகும் தினமும் அப்படித்தான். உன் வீட்டுக்கார அண்ணன், "அவ ஆரம்பிச்சதும்மா, நீங்களே நடத்துங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நடத்தினேன். சாயங்காலம் கூட்டிப் பெருக்கி, பூட்டிவிட்டு வாயைத் திறக்காமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போவேன். வாய் வரவில்லை.

பிள்ளைகளிடம் அவரவர் வீட்டில், பெரிம்மா ஊருக்குப் போயிருக்காங்க என்று சொல்லிவிட்டார்கள். யாழினியின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "செத்துப்போனதெல்லாம் சொல்லிராதீங்க டீச்சர், பயந்துக்குவா" என்று கெஞ்சினாள். பாங்க்கில் வேலை பார்க்கிற பெண், பிள்ளைமேல் உயிர். அவளை எப்படிக் கோபிப்பது? ஆனால் யாழினி என்ன செய்தாள் தெரியுமா? பால் குடித்து, தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, நேராக கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லோரும் அவரவர் அம்மாவைப் பார்த்து ஓடுவார்கள். இவள் அம்மா வந்து தூக்கினாலும் தலையைத் திருப்பித் தெருவைப் பார்ப்பாள். நீ சொன்னதையெல்லாம் அவள் செய்துவிட்டாளே. இனி நீதானே வர வேண்டும்?

இந்த மே மாதம் தனியாக ஜமுக்காளத்தை விரித்தேன். மாம்பழத்தை மூலைக்கு ஒன்றாக வைத்தேன். ஜூலையிலிருந்து எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. டிசம்பருக்கு எருமைதான், போதுமா? ஜூன் கட்டத்தின் மேல் பேனா நகரவே இல்லை. பழங்கள் என்று எழுதினேன். அடித்தேன். மழை என்று எழுதினேன். நீ இருந்தால் "மழைக்கு இப்ப என்னுங்க அவசரம்?" என்றிருப்பாய், அதையும் அடித்தேன். போனவர்கள் வருவார்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு யாழினி முன்னால் யானையைத் தள்ளுவேன்? தள்ளாவிட்டால் புதிதாக வருகிற பிள்ளைகள் கண்ணை மூடுவது எப்படி? இதைக் கேட்கத்தான் உன்னைத் தேடினேன். கேட்க வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? பேப்பரைச் சுருட்டி வைத்துவிட்டுப் பெட்டியை இறக்கப் போனேன்.

இன்றைக்குத் திறந்தோம். கதிர் என்று புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் அம்மா அவனை மீன்தொட்டி முன்னால் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினாள். மீன்தொட்டியைத் தூக்கிப்போட வேண்டும் முதலில்! ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "சொல்லிப்போட்டுப் போங்க கண்ணு" என்றேன். அவள் சொன்னாள். அவன் போட்ட கூச்சல் மாடியில் அண்ணனுக்குக் கேட்டிருக்கும்.

நான் அவனைத் தூக்கும் முன்பே யாழினி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். யானையைத் தள்ளி, "போயிட்டு வா" என்றாள். அந்தப் பக்கம் ஓடிப்போய்த் திரையை விலக்கி யானையை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பெரிம்மா எப்ப டீச்சர் வருவாங்க?"

அவளுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.

"வரமாட்டாங்க கண்ணு. பெரிம்மா செத்துப்போயிட்டாங்க. அவங்க ஒடம்பு நின்னுபோச்சு. வரணும்னுதான் நெனச்சாங்க, வர முடியல."

"தூங்கி எந்திரிச்சா?"

"தூங்கி எந்திரிச்சாலும் வரமாட்டாங்க."

யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "சொல்லிட்டுத்தான போனாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க."

அப்புறம்தான் அழுதாள். என் தோளில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். ஆயா பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுது முடித்ததும் யாழினி மூக்கைத் துடைத்துக்கொண்டு கதிரிடம் போய் யானையை நீட்டினாள். "உங்கம்மா வருவாங்க. பால் குடிச்சு, தூங்கி எந்திரிச்சா வருவாங்க. எங்க பெரிம்மா மட்டுந்தான் வரமாட்டாங்க" என்றாள். அவன் அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் யானையை வாங்கிக்கொண்டான். மத்தியானம் தூங்கினான், யாழினியும் தூங்கினாள்.

சாயங்காலம் அவள் கேட்டுக்குப் போகவில்லை. அவள் அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நான்தான் வேண்டாம்னு சொன்னேனுங்களே டீச்சர்" என்றாள். "திட்டுங்க கண்ணு, வாங்கிக்கறேன். அவ தெனமும் கம்பியப் புடிச்சுட்டு நிக்கறத என்னால பாக்க முடியலீங்க" என்றேன். அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் யாழினி அவள் கையை உதறிவிட்டுக் கூடத்துக்குள் ஓடினாள். உன் முக்காலி முன்னால் போய் நின்றாள். அதில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, "பெரிம்மா, போயிட்டு வாரேன்" என்றாள். திரும்பி வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

எல்லோரும் போனபிறகு கூட்டிப் பெருக்கினேன். சார்ட் பேப்பரை விரித்து, ஜூன் கட்டத்தில் அடித்தல் திருத்தலுக்கு நடுவே உன் வார்த்தையையே எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. பெட்டியை இனி பரணில் ஏற்றப்போவதில்லை, உன் முக்காலிமேல் இருக்கட்டும். பூட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தேன்.

"போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

இத்தனை பக்கம் நீ, நீ என்று எழுதிவிட்டேன், அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை பார். கேட்டருகில் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? நாளைக்கு நேரமே வந்துவிடுகிறேன்.