மச்சான் எடுத்த படம்

ஞாயிறு, இரவு.

மாப்பிள்ளை வீட்டார் என் மகள் கவிதாவின் போட்டோ கேட்டிருந்தார்கள். அதை எடுக்க என் தம்பியும் மச்சானும் எங்கள் ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கவிதாவை எங்கே பார்த்தார்கள்? அவரவர் போனைத்தான் பார்த்தார்கள். யார் கேமரா உசத்தி என்று இரண்டு தடியன்களுக்கும் சண்டை. பட்டுச்சேலையில் என் மகள் காரிடாரில் ஒரு மணி நேரம் வியர்த்து நின்றாள்.

தம்பியின் போனில் அவள் அவளாகவே இருந்தாள். அதே மாநிறம், தாடையில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்த தழும்பு. மச்சான் போனில் தழும்பும் இல்லை, நிறமும் இல்லை. வெள்ளையடித்த சுவர்.

"எவ்ளோ கிளியரா இருக்கு பாத்தியா? இதுதான்லா கேமரா!" என்றார் மச்சான். தம்பியும் வெட்கமில்லாமல் தலையாட்டினான். என் மனைவி, "கண்ணு பட்டுடும்" என்று நெட்டி முறித்தாள். மகளுக்கு அல்ல, போன் திரைக்கு!

கவிதா எட்டிப் பார்த்தாள்.

"இது யாருப்பா?"



எல்லோரையும் திட்டி டைரியில் எழுதியாகிவிட்டது. மாலையில் மாப்பிள்ளை வீட்டுக்கு நான் அனுப்பியது மச்சான் எடுத்த படத்தைத்தான்.