பீலித் தண்ணீரும் வளைந்த ஹெட்டும்

மச்சான்,

நேற்றுக் காலை பிலிமத்தலாவை கடைத்தெருவில் ஒரு லொறி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றது. சூடான இரும்பில் தண்ணீர் வேகும் அந்த வாடை மூக்கில் ஏறியதும், கண்டி பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். சும்மா இருக்க முடியுமா எனக்கு? கிட்டப் போய், பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ஆறட்டும் என்று டிரைவரிடம் சொன்னேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்பதுபோல் பார்த்தான். அதைச் சொல்ல எனக்கு இருக்கிற தகுதி அவனுக்கு எப்படித் தெரியும்?

கலகெதரையில் உன் கராஜ் இருந்த கட்டடத்தை, வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போட்ட காலத்து ஸ்டோர் என்பார்கள். "கோப்பி போயி கிரீஸ் வந்திச்சி" என்று நீ சிரிப்பாய். லொறியை நிறுத்துமுன்பே இன்ன கோளாறு என்று நான் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். நீ காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவாய். நான் டாக்டருக்குப் படித்திருந்தால் ஊரே காலியாகியிருக்கும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்.

நான் ஓட்டிய முதலாளியின் லொறிக்கு நீ எஞ்சின் ஹெட்டைக் கழற்றி அடியிலுள்ள கேஸ்கெட்டை மாற்றி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. குருநாகலில் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் பன்வில தோட்டத்தில் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கரகம் சோடித்து எடுக்கும் கரகம் பாலிப்பு. எப்படியும் போய்ச் சேரவேண்டும் என்ற வெறியில் ஏற்றத்தில் மிதித்த மிதியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டிருக்க வேண்டும். நான் மலை ஊற்று குழாயாய் வந்து விழும் றோட்டோரப் பீலியில் வாளியைப் பிடித்து, ஐஸ்போன்ற மலைத் தண்ணீரை இரண்டு வாளி ஊற்றினேன். இரைத்துக்கொண்டே லொறி உன் வாசல்வரை வந்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் என்று சொல்லி, சாவியை உன்னிடம் எறிந்துவிட்டுக் கரகத்துக்கு ஓடினேன்.

மறுநாள் காலை நீ டீசல் பீச்சும் நொசில்களைக் கழற்றினாய். அந்தத் துளைகளில் அழுத்தம் பார்க்கும் கேஜைப் பூட்டி, ஒவ்வொன்றாக என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னாய். முதல் சிலிண்டரும் கடைசியும் நன்றாக இருந்தன. நடுவில் இருந்த இரண்டிலும் கம்ப்ரெஷன் இல்லை. அவற்றில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடியும் அடிக்கச் சொன்னாய். ரிங் தேய்ந்திருந்தால் முள் ஏறவேண்டும். அது அசையவே இல்லை. டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஹெட்டை இறக்கினபோது, அந்த இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் வெந்து விட்டுப்போயிருந்தது.

இரும்பு அளவுகோலை ஹெட்டின் முகத்தில் நிறுத்தி, அடியில் மெல்லிய தகட்டை விட்டாய். நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு கிழமைக்கு முன் இதே ஹெட்டை இதே கோலால் என் முன்னாலேயே பார்த்துத்தான் பூட்டினாய்.

"நேரா இருந்த ஹெட்டு, மச்சான். சும்மா வளையாது. வழில எங்கயும் கொதிச்சா?"

"இல்லப்பா" என்றேன். அளவுகோலையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மத்தியானம் முதலாளி வந்தார். பூட்டின கை சரியில்லை, ஹெட் போல்ட் முறுக்கு லூஸ் என்று ஆட்கள் முன்னால் சத்தம் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம். நீ கையைத் துடைத்துக்கொண்டு, "என்ட வேல, நானே சரி செஞ்சி தாறேன்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் தன் ஐந்து லொறிகளையும் வேறு கராஜுக்குக் கொண்டுபோய்விட்டார். உன் முறுக்கு நிற்காது என்ற பேச்சு குருநாகல் றோட்டு நெடுகப் பரவியது. அந்த வருஷம் உன் கராஜ் பல நாள் வெறுமனே கிடந்ததை நான் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், உன் ஜும்மாத் தொழுகை முடிய, உன் வீட்டில் வந்து சாப்பிட்டேன். பிறகு நான் அந்த வேலையை விட்டேன், பயமும் போனது. வெட்கம்தான் போகவில்லை. இத்தனை நாள் கழித்து எந்த வாயால் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். நீயோ எப்போதும்போல் என்னைக் கேலி செய்து, என் தட்டில் இறைச்சியை அள்ளி வைத்தாய்.

நீ கண்ணை மூடி, உன் மனைவி துக்க நாட்களுக்கு இத்தா இருந்து முடித்த பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார்.

"அவருக்கு அண்டைக்கே தெரீம், அண்ணன். 'திரும்ப நான் கேட்டா அவன் வெக்கத்துல இந்தப் பக்கம் வாறத்த உட்டுடுவான்'னு செல்லுவாரு."

அந்தத் தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை, மச்சான். உன் நல்ல பெயரை விட்டுக்கொடுத்து என்னைச் சிநேகிதனாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அவ்வளவு பெறுமதியான ஆளா நான்?

இப்போது கலகெதரைக்குப் போனால் கண்ட தேத்தண்ணிக் கடையில் எல்லாம் ஏறி உட்காருகிறேன். அந்த ஹெட்டைக் கெடுத்தது நான், அவர் முறுக்கில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிப் பேருக்கு உன்னைத் தெரியாது. தெரிந்தவர்கள், அதுக்கு இப்ப என்ன என்று கேட்கிறார்கள்.