செல்லத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி

மார்ச் 3
மானம் போயிற்று. இன்று கூட்டத்தில், இயக்குநர் முன்னால், ஒரு குறு விண்மீன் மண்டலத்தைச் "செல்லம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் தனியாகப் படத்தைப் பார்க்கும்போது கொஞ்சுகிற பழக்கம். அவளுடைய நிஜப் பெயர் வெறும் எண்கள். அதை வைத்து யார் கொஞ்சுவது? ஐம்பத்திரண்டு வயதுக்காரன் செய்கிற காரியமா இது?

மார்ச் 4
எங்கள் பட்டியலில் செல்லம் ஓய்ந்துபோன கேஸ். புது நட்சத்திரம் பிறப்பதே இல்லை. பிறக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிரும். ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி போட்டு ஒரு படம், சாதாரணச் சிவப்பில் ஒரு படம். அதிலிருந்து இதைக் கழித்தால் கிழட்டு நட்சத்திரங்கள் மறைந்து, புதியவை பிறக்கும் பிரசவ அறை மட்டும் மிஞ்சும். கழித்தேன். ஓரத்தில் ஒரு புள்ளி மிஞ்சியது!

இயக்குநர்: "அங்க நட்சத்திரம் பிறக்குதுன்னு நிரூபிங்க, அடுத்த வருஷமும் உங்களுக்குத் தொலைநோக்கி உண்டு. இல்லேன்னா சின்னவங்களுக்கு விட்டுக்கொடுங்க."

ஓய்ந்த கேஸ் யாரென்று புரிந்தது.

மார்ச் 9
படங்களைச் சரிபார்க்கும் அம்மணிக்கு, எதையும் வெட்டிவிடுவதால், முதுகுக்குப் பின்னால் கத்தரி என்று பெயர். "பக்கத்து நட்சத்திரத்து வெளிச்சம் வடிகட்டியில பட்டுத் திரும்பியிருக்கு சார். தொலைநோக்கியை லேசா நகர்த்தி இன்னொரு படம் எடுங்க. போலின்னா எடம் மாறும்." என் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 11
தொலைநோக்கியை லேசாக நகர்த்தி இன்னொரு படம் எடுக்க எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 12
மனைவி: "யாருங்க அந்தச் செல்லம்? தூக்கத்துல வேற கூப்பிடறீங்க." படத்தைக் காட்டினேன். "இந்தப் புகையையா? என்னை ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டிருப்பீங்களா?"

குப்பை கொட்டக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 17
நகரவில்லை! புதுப்படத்திலும் புள்ளி செல்லத்தின் ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லோருக்கும் கேக். கட்டுரை இயக்குநருக்குப் போயாயிற்று. கத்தரி மட்டும் மென்றபடியே, "புள்ளியோட வெளிச்சத்தைப் பிரிச்சு நிறமாலையும் எடுத்துடுங்க சார், எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியும்" என்றாள். வயிற்றெரிச்சல். வேறென்ன?

மார்ச் 24
எடுக்கச் சொன்ன நிறமாலை ஏன் இன்னும் வரவில்லை? வந்தால்தான் என்ன? எனக்கென்ன பயம்?

மார்ச் 30
நிறமாலை வந்தது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கத்தரி தன் பிஸ்கட் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

புள்ளி நிஜம்தான். அதில் நட்சத்திரம் பிறப்பதும் நிஜம். ஆனால் அது செல்லத்துக்குப் பின்னால், அவளைவிடப் பல நூறு மடங்கு தூரத்தில் இருக்கும் வேறொரு மண்டலம். அதன் ஆக்சிஜன் விடும் பச்சை வெளிச்சம், வந்த தூரத்தில் சிவந்துபோய் எங்கள் வடிகட்டிக்குள் நுழைந்திருக்கிறது. நடுவில் மறைக்கச் செல்லத்திடம் வாயு, தூசி ஒன்றுமே இல்லாததால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்கிறது.