ஷீலா விழுங்கிய மூலிகை மாத்திரை

வெள்ளி, இரவு

காலையில் மருமகள் ஷீலாவின் முகம் வீங்கிப்போயிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, கழுத்தெல்லாம் தடிப்பு. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவள் விடிந்ததும் விடாமல் தும்முகிறாளே என்று அல்சூர் மூலிகைக் கடையில் அந்த மாத்திரையை வாங்கிவந்தது நான்தான். துளசி, ஆடாதோடை, கரிசலாங்கண்ணி. "எல்லாம் நம்ம செடிங்கதாம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று வேறு சொன்னேன்.

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "வீடு கட்டாத காலி சைட்ல மண்டிக் கிடக்குற பார்த்தீனியம் செடிதான் இவங்களுக்கு அலர்ஜி, தும்மலும் அதாலதான். கரிசலாங்கண்ணியும் அதே குடும்பச் செடி, சில பேருக்கு ஒத்துக்காது. அரிப்பு எப்பலேர்ந்தும்மா?"

"மாத்திரை ஆரம்பிச்ச மறுநாளே டாக்டர்" என்றாள் ஷீலா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கப்புறமும் ஒரு வாரம் விழுங்கியிருக்கிறாள். வெளியே வந்ததும் கேட்டேன், "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"ஆசையா வாங்கிட்டு வந்தீங்க அத்தை. வேணாம்னா கோச்சுப்பீங்களோன்னு..."

நானா, கோபிப்பேனா என்று சொல்ல வாயெடுத்தேன். போன மாதம் என் மீன் குழம்பை அவள் தொடவில்லை என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவள்தானே நான்.

ஊசி போட்டபின் வீக்கம் வடிந்திருக்கிறது. ராத்திரிக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்கு அத்தை" என்று முழுதும் குடித்தாள்.

நிஜமாகவே நன்றாக இருந்ததா என்று கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.