அப்பா போட்ட கையெழுத்து

ரெட்டியார்சத்திரம்,
கார்த்திகை மாதம், புதன்கிழமை

அன்பு மகன் பரணிக்கு அம்மா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் தீபாவும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அழகர் துணை. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதோடு அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் நான் பேச வேண்டியிருக்கிறது, அவருக்குப் பேச்சுதான் வரவில்லையே தவிர காது நன்றாகக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். அப்பாவோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்த பாஸ்கல் அண்ணன் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தீபாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

மழை இந்த வருஷம் பரவாயில்லை. மல்லித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டதில் எனக்கு ஒரு நிம்மதி. அப்பாவுக்கு வாதம் வந்த இடது பக்கம் அப்படியேதான் இருக்கிறது, வலது கையால் இட்லியைப் பிய்த்துச் சாப்பிடுகிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வந்துகொண்டிருந்த ஒச்சாயி, மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போனவள் இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது தூக்குவதும் துடைப்பதும் நான்தான், என் முழங்கால் சமாசாரம் உனக்குத் தெரியும். ஆள் வைத்துக்கொள்ள அரசு ஏதாவது தருமா என்று பாஸ்கல் அண்ணன் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் விசாரித்து வந்தார். ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் பட்டாளத்துப் பாலிகிளினிக் கார்டு இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூடவே ஆள் வைத்துக்கொள்ளத் தருகிற படிப்பணம், பட்டாளத்து வேலையால் முடங்கிப் போனவர்களுக்குத்தானாம். பனிமலையில் காவல் நின்றவர் சொந்த வீட்டு வாசலில் விழுந்ததால் நமக்குக் கிடையாது. உங்கள் ஹவில்தார் கொஞ்சம் முன்னாலேயே விழுந்து தொலைத்திருக்கலாம் என்று நான் சொன்னதற்குப் பாஸ்கல் அண்ணன் சிரிக்கவில்லை.

இந்த நிலையில்தான் போன வாரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நத்தம் பக்கம் மாந்தோப்புக்குள் முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் ஒரு பராமரிப்பு இல்லம் நடத்துகிறார்கள், அதன் மேனேஜர். பென்ஷன் வருகிற பேங்க் கார்டைக் கொடுத்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் பார்த்துக்கொள்வோம் என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல முதலில் எனக்கும் இருந்தது. பிறகுதான் ஜக்கம்மாள் ஞாபகம் வந்தது. மேலத்தெரு சுபேதார் வீட்டு ஜக்கம்மாள்தான், சின்ன வயதில் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள். சுபேதார் இறந்த பிறகு குடும்பப் பென்ஷன் அவளுக்கு வந்தது, பிள்ளைகள் பெங்களூரிலிருந்தே பேசி அவளை அந்த இல்லத்தில் சேர்த்தார்கள். போன நவம்பரில், அப்பா உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கப் பேங்குக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப் போனபோது அவளைப் பார்த்தேன். புதுச்சேலை கட்டி, தலை வாரி, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அந்தச் சேலைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள், காட்டின இடத்தில் விரல் வைத்தாள். அந்தப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்த நேரம் என் கையைப் பிடித்து, "சரசு, நாங்க உசுரோட இருந்தா போதும்டி அவகளுக்கு, நல்லா இருக்கணும்னு இல்ல" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அழைத்துப் போய்விட்டார்கள். இந்த நவம்பரில் அவள் பேங்குக்கு வரவே இல்லை. ஃபோனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று கொடுத்தாயிற்று, இனி அலைச்சலே இல்லை என்று காரில் வந்த இல்லத்து மேனேஜர் பெருமையாகச் சொன்னார். அவளைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம்.

வந்தவருக்கு டீ போட நான் அடுப்படிக்குப் போனதுதான் தப்பாகப் போயிற்று. அந்த மனிதர் அப்பாவின் கால்மாட்டில் நின்று, காலைத் தரையில் ஓங்கி அடித்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து இந்தியில் என்னவோ சத்தமாகச் சொன்னார். ஓடி வந்து பார்த்தால் உன் அப்பா தலையணையிலிருந்து எழும்பப் பார்க்கிறார், வலது கை நெற்றிக்குப் போயிருக்கிறது, கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று, நானும் மடச்சி போல அழுதுகொண்டு நின்றுவிட்டேன். அதற்குள் மேனேஜர் தாளை நீட்ட, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிய மனிதர். பாஸ்கல் அண்ணனைக் கேட்டால், பட்டாளத்தில் ஆபீசர் காட்டின இடத்தில் போட்டே பழகிவிட்டார்களாம், படித்துப் பார்த்தால் அது மரியாதைக் குறைவாம். அந்த ஆள் ஒரு நாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை என்று பாஸ்கல் அண்ணன் விசாரித்துச் சொன்னார். "அந்த ஒரு சல்யூட்ட வச்சே இந்தப் பக்கம் எத்தன பேரக் கூட்டிட்டுப் போயிருக்கான் தெரியுமா தங்கச்சி" என்று சொல்லி வருத்தப்பட்டார். வருகிற திங்கட்கிழமை வேன் வருமாம். எனக்கும் ஒரு தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பிறகு எனக்கு வரும் குடும்பப் பென்ஷனும் என் ஆயுசு வரைக்கும் இல்லத்துக்கே என்று அதில் இருக்கிறது. மனுஷர் மூச்சோடு இருக்கும்போதே என்னை விதவையாக்கி எழுதிவிட்டார்கள். நான் போடவில்லை.

இனி எழுதப் போவதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மனசு வரவில்லை. கிளம்பும்போது அந்த மேனேஜர், அப்பாவுக்கு உப்புமாவே போட மாட்டோம், வைத்தால் துப்பிவிடுவார் என்று தெரியும் என்றார். அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க மகன்தாம்மா எல்லாம் பேசி முடிச்சாரு. வேணாம்னாலும் அவருதான் சொல்லணும்" என்றார். என் மகன் என்னைக் கேட்காமல் அப்படிச் செய்ய மாட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினேன். அனுப்பினேனே தவிர அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பேசியிருந்தால் அம்மா சிரமப்படுகிறாளே என்றுதான் பேசியிருப்பாய், அவர்கள் காட்டுகிற படங்களில் தோப்பும் கட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். உன் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை, ஆனால் இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. நீ பேசவே இல்லை என்றால் நம் வீட்டுச் சேதி அவர்களுக்கு எப்படிப் போகிறது என்று நினைத்தால் அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தம். தீபாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். திங்கட்கிழமைக்குள் எந்த மீட்டிங் இருந்தாலும் விட்டுவிட்டு ஃபோன் பண்ணு, நீதானா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல், வேண்டாம் என்று அவர்களுக்கும் எழுதி அனுப்பு. நான் கையெழுத்துப் போடவில்லை என்று வீறாப்பாக எழுதினேன், அதை நம்பி நீ சும்மா இருந்துவிடாதே. அப்பா போட்டது அப்பாவுக்குப் போதும், இன்னொரு சல்யூட் வைத்தால் அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவரைத் தனியாக அனுப்பிவிட்டு நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன், வேனில் ஏறும்போது பேனாவை நானே கேட்டு வாங்குவேன். அது அந்த மேனேஜருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

உன் அம்மா,
சரஸ்வதி அழகர்சாமி