ஷார்ஜாவுக்குப் போகாத பாத்துமா

786

முதலமடை
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சானுக்கு பாத்துமா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் முட்டிவலியோடும் நேரத்துக்குக் கஞ்சியோடும் இருக்கிறேன். அங்கே உங்கள் சர்க்கரையும் காதும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்களோடு பேசவேண்டுமானால் நான் கத்த வேண்டும். கத்தினால் இங்கே கூடம் முழுக்கக் கேட்கும், அங்கே மருமகள் ரஜீனாவுக்கும் கேட்கும். உங்களுக்கு மட்டும் கேட்காது. காதில் மாட்டுகிற மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ம்' போடுவீர்கள். போன மாதம் ஒரு நாள், நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன், 'ம்' என்றீர்கள். இல்லை, சும்மா சொன்னேன் என்றேன், அதற்கும் 'ம்'. அதனால்தான் மோகனசுந்தரம் அண்ணன் குடைக்கடை முகவரிக்கு இதை அனுப்புகிறேன். தினமும் பத்து மணிக்கு நீங்கள் அங்கே போய் உட்காருவது எனக்குத் தெரியும். கடையிலேயே படித்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முதலில் பேப்பரில் வந்த படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் மகன் உங்களிடம் குதித்திருப்பான். என்னிடமும் குதித்தான். நடந்ததை என் வாயாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நாளைக்கு முன் இந்த முதியோர் இல்லத்துக்கு ஆண்டு விழா. இங்கே மேனேஜர் ஜிஜோ நல்ல மனுஷர்தான், ஆனால் எங்களை ஒரு நிமிஷம் சும்மா உட்கார விடமாட்டார். காலையில் கையைத் தூக்கு, காலைத் தூக்கு. செவ்வாய் பிரஷர் பார்ப்பது, புதன் காகிதப் பூ, வியாழன் பாட்டு, வெள்ளி கேரம். ஓய்வெடுக்கலாம் என்று வந்தவர்களுக்கு ஓய்வைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கிறது. விழாவுக்கு நாற்காலிப் போட்டி வைத்தார். பாட்டு நின்றதும் உட்கார வேண்டுமே, அதுதான். பன்னிரண்டு பெண்கள், பதினொரு நாற்காலி. நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார்கள். நிற்க முடியாமல், பாட்டு எப்போது நிற்கும் என்று காத்திருந்து ஒவ்வொரு தடவையும் பொத்தென்று உட்கார்ந்தேன். ஜெயிக்க வேண்டும் என்று உட்காரவில்லை, கால் தாங்கவில்லை. கடைசியில் நானும் என் அறைக்காரி ராமுத்தாயும் மட்டும் மிச்சம். அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "நீயே உக்காருக்கா, ஒன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல" என்றாள். முதல் பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியோடு என்னைப் படம் எடுத்தார்கள். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் பெயர், வயது, பாலக்காட்டில் நம் தெருப் பெயர் எல்லாம் போட்டு வந்துவிட்டது.

ராமுத்தாய் யார் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. சூரியநெல்லி எஸ்டேட்டில் நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம், இங்கே வந்துவிட்டாள். சமையல்காரி கறிவேப்பிலை பறித்துவரச் சொன்னால் இவள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டு வருவாள். செடி மொட்டையாகிவிட்டது. சமையல்காரி தினமும் திட்டுகிறாள், இவள் கை தினமும் அதையே செய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்துக்கு முன் நான் இங்கே வந்தபோது, மகள் நஜ்மாவைப் பார்க்க ஷார்ஜா போயிருப்பதாக அன்சார் நம் பாலக்காட்டுத் தெருவில் சொல்லிவிட்டான். அம்மாவை வயோஜன மந்திரத்தில் விட்டிருக்கிறேன் என்று எந்த மகன் வாய்திறந்து சொல்வான்? நானும் சரி என்று தலையாட்டினேன். தப்பு என்னுடையதும்தான். ஆனால் ஒரு பொய்யைக் கட்டிக் காப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்கு அன்சார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்ஃப் கடையில் கோடாலித் தைலமும், டாங்க் டப்பாவும், பால்மாவும் வாங்கி, அம்மா கொடுத்துவிட்டது என்று வீடு வீடாகக் கொடுத்தானாம். உங்கள் தங்கைக்குத் தைலம் பிடித்துப்போய் நஜ்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள், மச்சியிடம் கொடு என்று. நஜ்மா அந்தப் போனிலேயே என்னையும் சேர்த்துவிட்டாள். இங்கே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இங்க சூடு தாங்கலங்க மச்சி" என்றேன். எழுபத்தொரு வயதில் எனக்கு இது தேவையா?

இப்போது அந்த வாளிப் படம் தெருவில் எல்லார் போனிலும் சுற்றுகிறது. ஷார்ஜாவுக்குள் முதலமடை எப்போது வந்தது என்று யாரோ கேட்டார்களாம்.

அன்சார் கண்டுபிடித்திருக்கும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருகிற ஞாயிறு காலை காரோடு வருகிறான். நான் பத்து நாள் கோயம்புத்தூரில் அவன் வீட்டில் வெளியே தலைகாட்டாமல் இருக்க வேண்டும். பிறகு கையில் அத்தர் பாட்டிலோடு பாலக்காடு போய், நேற்றுத்தான் இறங்கினேன், படத்தில் இருப்பது யாரோ என் சாயலில் ஒருத்தி என்று சொல்ல வேண்டும். "ஊர்ல நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமாம்மா? ஏனுங்கம்மா, அந்தக் கசேரையில நீங்க உக்காந்துதான் ஆகணுமா?" என்று கேட்டு அழுதான். பெற்ற வயிறு, கேட்க முடியவில்லை. சரி வா என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ரஜீனாவையும் சொல்ல மாட்டேன். நான் குளியலறையில் விழுந்தபோது மூன்று வாரம் லீவு போட்டு என்னைக் குளிக்க வைத்தவள் அவள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. இரண்டு அறை. நீங்கள் கூடத்துச் சோபாவில், நான் பிள்ளைகளின் அறையில். இருவருக்கும் நடுவே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் நான் உங்களோடு நாலு வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்துத்தான் நானாக இங்கே வந்தேன். யாரும் என்னை விரட்டவில்லை. அதைத் தெருவில் சொல்ல ஆளில்லை.

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இங்கே வந்த முதல் மாதம் நான் உங்களை நினைக்கவே இல்லை. தூங்கினேன். ஐம்பத்தொரு வருஷமாக சுபுஹுக்கு முன்னே எழுந்து உங்களுக்கு வெந்நீர், நீங்கள் நம் கடைக்குப் போகும்முன் டீ, பதினொரு மணிக்குக் கடைக்கு ஒரு தூக்கு டீ, மத்தியானச் சோறு என்று ஓடிய உடம்பு. தொழுதுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அந்த ஒரு மாதம் யாராவது என்னைக் கூப்பிட்டால் அழுகை வந்தது. இரண்டாம் மாதம்தான், மச்சான் மாத்திரை போட்டாரோ என்னவோ என்று ஒரு நாள் தோன்றியது. அப்புறம் தினமும் தோன்றியது.

இனி நான் சொல்ல வந்தது. இங்கே புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து இருக்க இரண்டே அறைகள். நான்காம் எண் அறையில் இருந்த வாத்தியாரையும் அவர் மனைவியையும் மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அறையை நம் இருவர் பெயருக்கும் கேட்டு வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இதுதான். இல்லை, இங்கே வந்தது முதல் காரியம், இது இரண்டாவது. ஜிஜோ தமிழும் மலையாளமும் கலந்து, "உம்மா, ஞாயிறாழ்ச்ச உச்ச வரைக்கும்தான் என்னால பிடிச்சு வைக்க முடியும், ரெண்டு குடும்பம் வெயிட் பண்ணுது" என்று சொல்லிவிட்டார். மத்தியானம் தாண்டினால் அறை கைமாறிவிடும்.

அறையில் இரண்டு கட்டில், மேற்கே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு. பூப்பூக்கும் நாளில் மருந்தடிப்பார்கள், அப்போது ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். தொழுகைக்கு இடம் இருக்கிறது. டீ ஆறரைக்கும் நாலுக்கும், வரிசையில் நின்று அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். மாவட்டக் கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அவரும் கழுவுகிறார். உங்கள் தட்டை நான் கழுவ மாட்டேன் மச்சான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முடியாது. ஆனால் எப்படிக் கழுவுவது என்று பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன்.

இதை ராமுத்தாயிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். "கூப்புடாதக்கா, வந்த மறுநாளே சட்டையத் தொவைக்கச் சொல்லும்" என்றாள். அப்புறம், தன் வீட்டுக்காரர் லயத்தில் செத்தபோது தான் மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். காலையிலேயே நெஞ்சு கரிக்கிறது என்றாராம். பெரட்டுக்கு நேரமாகிறது, பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று ஓடிவிட்டாளாம். சாயங்காலம் எடை போடும் இடத்தில்தான் கங்காணி சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அவள் கறிவேப்பிலை கிள்ளப் போய்விட்டாள்.

நீங்கள் ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் கௌரவம் என்கிறார்கள். நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "அங்க போய் செத்தா எவன் வந்து சந்தூக்கத் தூக்குவான்?" என்று கேட்டீர்கள். காதில் விழாத மாதிரி இறங்கிவிட்டேன். எட்டு மாதமாக அது என் காதிலேயே இருக்கிறது. உங்கள் அத்தாவை அந்தத் தெருவே தோள் மாற்றி மாற்றிக் கொண்டுபோய் அடக்கியதைப் பார்த்தவர் நீங்கள். நம் பெயர் தெரியாத ஒரு பள்ளிவாசல் மஹல்லில் நாலு பேர் கடமைக்குத் தூக்குவார்களோ என்பதுதான் உங்கள் பயம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

அதனால் போன சனிக்கிழமை ராமுத்தாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் இங்கே உள்ள பள்ளிவாசலுக்குப் போனேன். செயலாளரைப் பார்த்து, நாங்கள் இரண்டு பேர், இந்த மஹல்லில் பெயர் சேர்த்துக்கொள்வீர்களா, நாளைக்கு ஒன்று ஆனால் இங்கேயே இடம் தருவீர்களா என்று நேராகக் கேட்டேன். "கல்யாணத்துக்குக் கடுதாசி கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க உம்மா, நீங்க இதுக்கு வந்திருக்கீங்க" என்றார். பிறகு கூட வந்து மதிலுக்கு வெளியே நிறுத்தி கபர்ஸ்தானைக் காட்டினார். "எடம் நெறைய இருக்கு, அவசரப்படாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது. இல்லத்தில் இதற்கு முன் ஒருவர் மவுத்தானபோது நாற்பது பேருக்கு மேல் வந்தார்களாம், பள்ளியில் அறிவிப்புச் சொல்லி, கடையைச் சாத்திவிட்டு வந்தார்களாம். விசாரித்துவிட்டேன்.

ஒரு காகிதம் மட்டும் வேண்டும். நம் பழைய மஹல்லிலிருந்து, இவர்கள் இன்னார், இப்போது இன்ன இடத்தில் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். அதாவது நீங்கள் அந்தத் தெருவுக்குப் போய், பாத்துமா முதலமடையில் இருக்கிறாள், நானும் அங்கேதான் போகிறேன் என்று சொல்ல வேண்டும். இதை அன்சாரால் சொல்ல முடியாது, பாவம். நீங்கள் சொன்னால் ஒரு வாரம் பேசுவார்கள், பிறகு வேறு ஒன்று கிடைத்துவிடும். உங்களிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. மூக்குத்திகூட நீங்களாக வாங்கித் தந்ததுதான்.

எழுதிக் கை வலிக்கிறது. ஞாயிறு காலை அன்சார் வண்டியில் நீங்களும் ஏறி வாருங்கள். அவனிடம் முன்கூட்டிச் சண்டை போட வேண்டாம். அம்மாவை நானும் வந்து கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். மோகனசுந்தரம் அண்ணன் கடையில் ஒரு பை கேட்டால் தருவார். நாலு கைலி, மூன்று சட்டை, மாத்திரை டப்பா, காது மிஷினுக்குப் பேட்டரி போதும். நீங்கள் பையோடு இறங்கினால் அப்போதே ஜிஜோவிடம் சொல்லி நாலாம் நம்பரைத் திறக்கச் சொல்வேன். அன்சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வெறுங்கையோடு இறங்கினால் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். என் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்துவிடுவேன், என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுவேன். எதிர்த்துப் பேச எனக்கு இனித் தெம்பு இல்லை.

நம் இருவரில் யாரை முதலில் அழைத்தாலும், அழைக்கிற நேரத்தில் மற்றவரை அல்லாஹ் அதே அறையில் வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆ செய்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

ஞாயிறு நான் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். நீங்கள் இறங்கும்போது முகத்தைப் பார்க்காமல் முதலில் உங்கள் கையைத்தான் பார்ப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் பாத்துமா